பகலில் தூங்குகிறவன் வீடு

ராத்திரி லோரி ஓட்டுகிற தொழிலில் கஷ்டம் ராத்திரியில் இல்லை, விடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் தொழிற்சாலையில் மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவர்கள் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் மிஸிகள், கட்டடக் காவலாளிகள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து படுக்கிற அப்பா அம்மாக்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. பத்து மணி வெயிலில் காயும் தகரக் கூரை, கண்ணுக்குள் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், விருந்துக்குப் போன இடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தலை தொங்குவது, எல்லாம் உங்களுக்கும் பழக்கம்தான்.

நான் ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவன். சரக்கு இறக்கும் இடங்களில் காத்துக்கிடந்த நேரத்தில் பழைய பத்திரிகைகளைப் படித்துத்தான் எழுதப் பழகினேன். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. என் மனைவி தனலெட்சுமி இருந்தவரை எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மலாக்காவுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் இருபத்து நான்கு வருடம் ராத்திரியில் ஓடினேன். அந்த வருடங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது எவ்வளவு என்று இப்போது யோசிக்கிறேன். நினைவில் நிற்பவற்றை எழுதுகிறேன்.

பெரட்டுக்கு நடுவில்

கல்யாணமான புதிதில் ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். தனத்துக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். சரியாக அந்த நேரத்துக்குத்தான் நான் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருவேன். பெரட்டுக் களத்தைத் தாண்டாமல் லயத்துக்குப் போக வேறு வழி கிடையாது.

தனம் வரிசையிலிருந்து இரண்டு அடி வெளியே வந்து நிற்பாள். முகத்தில் துணி கட்டியிருக்கும், கண் மட்டும் தெரியும். "சோறு மூடி வச்சிருக்கேன். ரசம் அடுப்பு மேல இருக்கு. பூன வந்துச்சுன்னா வெரட்டுங்க" என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் வரிசைக்குள் போய்விடுவாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவுதான், அதுவும் நாற்பது பேருக்கு முன்னால். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு நாள் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த மண்டோர், நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏன்யா, ஊரே வேலைக்குக் கெளம்புது, நீ மட்டும் பொண்டாட்டியப் பெரட்டுல நிக்க வச்சிட்டுத் தூங்கப் போற. குடுத்து வச்சவன்யா நீ!"

வாசலில் ஒரு ஜோடி செருப்பு

மகள் புவனா பிறந்த பிறகு பாயா ரும்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு மாறினோம். தனம் தோட்ட வேலையை விட்டுவிட்டாள். அதன் பிறகு என் தூக்கத்தைக் காப்பதே அவளுக்கு முழு நேர வேலை ஆகிவிட்டது. பிஸ்கட் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஜன்னலுக்கெல்லாம் ஒட்டினாள். நான் படுத்ததும் வீட்டு டெலிபோன் வயரைக் கழற்றிவிடுவாள். குக்கர் விசில் அடிக்கும் என்று பருப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே வேகவைத்து எடுத்து வருவாள். நாலு மணி அடிக்கும்வரை அப்பாவை எழுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்று வயதுப் புவனாவுக்குக்கூட அது தெரியும். பிஸ்கட் டின்னைத் திறக்கும்போது சத்தம் வராமலிருக்கத் தன் சட்டையை மூடிமேல் போட்டுத் திறக்கும் அந்தக் குழந்தை.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் காதர் பாய் வருவார். அவருடைய ஹார்ன் மூன்று தெருவுக்குக் கேட்கும். எங்கள் தெருவில் மட்டும் அடிக்கக்கூடாது என்று தனம் அவரிடம் கேட்டுக்கொண்டாள். பதிலுக்குத் தானே முனைவரை நடந்துபோய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளாம். இப்படி நாலைந்து வருடம் ஓடியது. பாயும் ஒரு நாள் தவறாமல் ஹார்னை அடக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. தனத்திடம் கேட்டே விட்டார்:

"தங்கச்சி, கோவிச்சுக்காத. வீட்டுல நெசமாவே மாப்பிள்ள இருக்காரா, இல்ல திருடனுக்குப் பயந்து ஆம்பளச் செருப்ப மட்டும் வாசல்ல போட்டு வச்சிருக்கியா?"

சூடு ஆறாத சீட்டு

எங்கள் கம்பெனியில் ஒரு லோரிக்கு இரண்டு டிரைவர். பகலில் மணியம் அண்ணன் அதை மெர்லிமாவ், செர்காம் பக்கத்துக் கடைகளுக்கு ஓட்டுவார். சாயங்காலம் ஆறரைக்குக் கிடங்கில் என்னிடம் கொடுப்பார். நான் கிள்ளானுக்குப் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் திரும்புவேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குள்ளம். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் முன்னால் இழுத்து வைத்திருப்பார். நான் ஏறி உட்காரும்போது சீட்டில் அவருடைய சூடு இருக்கும். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மெத்தையில் தனத்தின் சூடு இருக்கும். என் பிழைப்பு முழுக்க மற்றவர்கள் எழுந்துபோன இடத்தில் உட்காருவதும் படுப்பதுமாகவே இருந்தது.

கைமாற்றுகிற அந்தப் பத்து நிமிடத்தில் மணியம் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பிரேக் கொஞ்சம் இழுக்கிறது, செர்காம் கடையில் ஒரு மூட்டை மாவு திரும்பி வந்தது, தன் மருமகன் வேலை மாறியது, முதல் நாள் வீட்டில் நண்டு வாங்கியது, எல்லாம் வரும். நானும் வழக்கத்துக்கு மாறாக நாலு வார்த்தை பேசுவேன். புவனாவுக்கு அம்மை போட்டதை ஒரு தடவை சொன்னேன். எந்தப் பக்கம் அதிகம், காய்ச்சல் எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் லோரிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒரு நாளைக்கு நீ என்கிட்ட பேசுறது பத்து நிமிஷம்தான். இருந்தாலும் உன் பொண்டாட்டியவிட நான் அதிர்ஷ்டக்காரன்டா."

பரிசளிப்பு விழா

புவனா மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கணக்கில் முதல் பரிசு வாங்கினாள். விழா காலை பத்தரைக்கு. அன்றைக்கு மணியம் அண்ணன் லீவு. அதனால் லோரியை நானே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒத்திகை இருந்ததால் தாயும் மகளும் ஏழு மணிக்கே பள்ளி வேனில் கிளம்பினார்கள். "நான் வேணும்னா திரும்பி வந்து எழுப்பட்டுமா?" என்று தனம் கேட்டாள். அலாரம் வைத்திருக்கிறேன், வந்துவிடுவேன் என்றேன். இஸ்திரி போட்ட சட்டையை நாற்காலிமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

அலாரம் அடித்ததா, அதை அணைத்தது நான்தானா, எதுவும் தெரியாது. கண்ணைத் திறந்தபோது மணி ஒன்றே முக்கால். இரண்டு பேரும் இன்னும் வீடு திரும்பவில்லை. விழா இழுத்துக்கொண்டு போகும், கடைசிப் பரிசையாவது பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. சட்டையை மாட்டிக்கொண்டு லோரியிலேயே ஓட்டினேன். மண்டபத்தில் ஒருவரும் இல்லை, பள்ளி வேனும் கிளம்பிப் போயிருந்தது. பந்தல் தோரணம் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. வாடகை நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் போனதைத் தனத்திடமோ புவனாவிடமோ இன்றுவரை சொன்னதில்லை. தூங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். கேட்டில் நின்ற பள்ளிக் காவலாளி லோரியைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்:

"நாற்காலி எடுக்க வந்த லோரிதானே? ஒரு மணிக்கு வரச் சொன்னா இப்பத்தான் வர்றீங்க. விழான்னா நேரத்துக்கு வர வேணாமா அண்ணே?"

ஒரே வீடு

புவனா படித்து முடித்து ஜோகூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தனத்துக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது தெரியும். மாத்திரை போடுகிறாள், சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பினால் என் ரப்பர் செருப்பைக் காணோம். தனம் போட்டுக்கொண்டு கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "உன் செருப்பு எங்க?" என்றேன். "பத்தலீங்க" என்றாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பு தெரியவே இல்லை. முகமும் ஊதியிருந்தது. அட்டை ஒட்டிய ஜன்னலுக்குள்ளேயே இருந்து இருந்து, அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ.

மறுநாள் தூங்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. எத்தனை நாளாக வீங்கியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார். "ரெண்டு மூனு நாளா இருக்கும்" என்றேன். தனம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு மாசம் ஆகுது டாக்டர்" என்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க" என்றாள். கோபத்தில் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்:

"அங்கிள், நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

மர நிழலில் நாலு கார்

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். நான் ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வருவேன். தனம் தலை சீவி, போர்வையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் வைத்த பையோடு கூடத்தில் தயாராக உட்கார்ந்திருப்பாள். உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வெளியே காருக்கு வந்து சீட்டைச் சாய்த்தால் அவ்வளவுதான், உலகம் தெரியாது. அங்கே மர நிழலில் என்னைப்போல் இன்னும் மூன்று கார்கள் நிற்கும். ஒரு சீனர், சந்தையில் ராத்திரி மீன் இறக்குபவர். ஒரு மலாய்க்காரர், காவலாளி. இன்னொருவர் நம் ஆள், ரப்பர் கையுறை தொழிற்சாலையில் வேலை. நாலு பேரும் ராத்திரி வேலைக்காரர்கள், நாலு பேருடைய மனைவியும் உள்ளே. யார் முதலில் விழிக்கிறாரோ அவர் மற்ற மூன்று கண்ணாடியையும் தட்டிவிட்டுப் போவார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது. குறட்டை தெரியும்.

ஒரு நாள் திரும்பி வரும்போது தனம் காரில் சொன்னாள்: "ஊசி குத்துறதுகூடப் பரவால்லீங்க. மேல் கூரையப் பாத்துக்கிட்டே நாலு மணி நேரம் கெடக்குறதுதான் தாங்க முடியல. ஒரு நாளைக்கு உள்ள வந்து பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருங்களேன். நாந்தான் எப்பவும் பேசுறேன், நீங்க பேசுங்க." அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். அடுத்த புதன்கிழமை உள்ளே போகத்தான் நினைத்தேன். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துவிட்டுப் போகலாம் என்று காரில் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தட்டியது மிஸி:

"அங்கிள், ஆன்ட்டி உள்ள நாலு மணி நேரமும் கண்ண மூடல, வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க வெளிய கண்ணத் தொறக்கவே இல்ல லா."

பூவாய் விரியும் விளக்கு

இதற்கு ஒரே வழி பகல் வேலைக்கு மாறுவதுதான். கம்பெனி முதலாளி தௌக்கேயிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். "மணியம் ஒத்துக்கிட்டா மாத்திக்க, எனக்கு லோரி ஓடணும்" என்றார். மணியம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, "தங்கச்சிக்காகத்தானே, நான் எடுத்துக்கிறேன்" என்றார். தனத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மாறிய முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் என்ன பேசுவது என்று தெரியாமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்றேன். "இது சாம்பாருங்க" என்றாள். சிரித்தோம்.

எட்டரைக்குப் போன் வந்தது. மணியம் அண்ணன். நெடுஞ்சாலையில் ஏறி, முதல் ஓய்விடத்திலேயே லோரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. பகலில் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தௌக்கேக்குத் தெரிந்தால் பகல் வேலையும் போய்விடும். தனம்தான், "பாவம், போங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள். காரில் போய், அதை அங்கேயே விட்டுவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிள்ளான்வரை நானே ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் மறுபடியும் ராத்திரி, அவர் மறுபடியும் பகல். அந்த ராத்திரி லோரியில் அவர் என் பக்கம் திரும்பாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூவா விரியுதுடா தம்பி. செத்தா நான் மட்டும் செத்தாப் பரவால்ல. எதிர்ல வர்றவனும் யாரோட வீட்டுக்கோதானே போறான்? அதான் நிப்பாட்டிட்டேன்."

தீபாவளிக்கு மறுநாள்

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு ராத்திரி லோரி ஓடவில்லை. மறுநாள் தனத்துக்கு டயாலிசிஸ். இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ராத்திரி எல்லாரையும்போல் படுத்துத் தூங்கிவிட்டால் காலையில் அவளோடு தெளிவாக உட்காரலாம். புவனாகூட வந்திருந்தாள். "அப்பா ராத்திரி தூங்கப் போறாராம்மா!" என்று கேலி செய்தாள். ஒன்பது மணிக்கே படுத்தேன். தூக்கம் வரவில்லை. உடம்புக்குத் தீபாவளி தெரியுமா? கிள்ளான் கிடங்கு, டோல் வரிசை, டீசல் நிரப்பும் இடம் என்று அது தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தனத்திடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். நெடுஞ்சாலையில் ஒரு ராத்திரி கழன்று ஓடிய கோழிக் கூண்டு, மழையில் என் லோரிக்கு அடியில் ஒதுங்கிய கல்யாண கோஷ்டி, இன்னும் ஏழெட்டு. இருபது வருடக் கதை கையிலிருந்தது.

ஆறரைக்கு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், புதுச் சட்டையோடு. மிஸிகூடக் கை தட்டினாள். "அந்தக் கோழிக் கூண்டு இருக்கே" என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. விழித்தபோது இயந்திரம் பீப் அடித்துக்கொண்டிருந்தது, மிஸி ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரம் போய்விட்டது. என் மேல் தனத்தின் போர்வை கிடந்தது. குளிரூட்டிய அறை, அவளுக்குத்தான் குளிரும். மிஸி எழுப்ப வந்தபோதெல்லாம் இவள் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தனம், மன்னிச்சிரு" என்றேன். அவள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"விடுங்க. நீங்க தூங்குறத இத்தன வெளிச்சத்துல இன்னிக்குத்தான் பாத்தேன். வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறீங்க, தெரியுமா?"

ஐந்தேகால் மணி

தைப்பூசம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் தனம் எனக்காகத் தாழ் நீக்கி வைத்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஐந்தேகாலுக்கு உள்ளே வந்தேன். கூடத்தில் சாமி விளக்கு மட்டும் எரிந்தது. தனம் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். மடியில் பை. தலை சீவியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். சில மாதங்களாகக் காலில் குடைச்சல், உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் தூங்குவதே இல்லை என்பாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள், ஆறு மணிவரை தூங்கட்டுமே என்று தோன்றியது. தூங்குகிறவர்களை எழுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அத்தனை வருடமும் அந்தச் சட்டம் எனக்காகவே இருந்தது. ஒரே ஒரு தடவை அவளுக்காக நான் அதைக் கடைப்பிடித்தேன். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன். எனக்கும் கண் சொக்கியது.

ஏழேகாலுக்கு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து மிஸி போன் செய்தாள், ஏன் இன்னும் வரவில்லை என்று. நான் எழுந்து தனத்தின் தோளைத் தொட்டேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பையன்கள் அவளைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவர்களில் தமிழ் பேசியவரிடம் நான் ஒன்றைத்தான் கேட்டேன்: ஐந்தேகாலுக்கு எழுப்பியிருந்தால்? அவர் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்து சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நம்பத்தான் நினைக்கிறேன்.

"அங்கிள், நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. எழுப்பியிருந்தாலும் எழுந்திருச்சிருக்க மாட்டாங்க."

பகல் வேலை

கருமக்கிரியை முடிந்து நாலு மாதம் கழித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் மணியம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. முதலில் ஒரு கண், பிறகு இன்னொன்று. தேறி வந்ததும் நேராகத் தௌக்கேயிடம் போய், இனி தனக்கு ராத்திரி கொடுங்கள், தம்பிக்குப் பகலைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. சாவியை நீட்டும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. யோசித்துப் பார்த்தால், எனக்குக் கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் பகலில் ஓட்டுகிறேன். செர்காமில் நம் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மளிகைக் கடை. முதல் நாள் சரக்கை இறக்கியதும் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மணியம் எங்கே என்று கேட்டார். மாற்றிக்கொண்டோம், நான் இத்தனை வருடம் ராத்திரி ஓட்டினேன் என்றேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, நானும் திருத்தவில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு, முதுகில் தட்டிச் சொன்னார்:

"இப்பத்தான் மனுஷன் பாக்குற வேல பாக்குறீங்க அண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீடு, அண்ணி கையால சூடா சாப்பாடு. இனி என்ன கவல?"

கேட்ட பகல் வேலை கடைசியில் கிடைத்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுச் சாவியை மட்டும் இப்போது நானே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.